அசிட்டோன், ஜெராக்ஸ், ஒரு நைஜீரியக் குடும்ப ஆல்பம்

ஒரு தாளில் இருக்கிற படத்தை இன்னொரு தாளில் இறக்க இப்போது எனக்கு இரண்டு நிமிடம் போதும். தொடங்கிய வாரத்தில் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தும் ஒன்றுகூட இறங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கும் போன வாரம் முடித்த உருவப்படத்துக்கும் இடையே நான்கு மாதம் ஓடியிருக்கிறது. எதைச் செய்தேன், எங்கே கெட்டது, எதை மறுபடி செய்தேன் என்று நினைவிருக்கும்போதே எழுதி வைக்கிறேன். இதே முறையில் வரைய நினைப்பவர்களுக்கு நாலு நல்ல தாளாவது மிச்சமாகட்டும்.

எங்கள் எதிர் ஃப்ளாட்டில் நைஜீரியாவிலிருந்து வந்து பார்மஸி படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். சென்னைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். புத்தகங்களுக்குப் படம் வரைவது என் வேலை. ஒருநாள் சிலிண்டர் விஷயமாக வந்தவள் என் மேசையைப் பார்த்துவிட்டு, "எங்கள் ஊர் ஓவியரைத் தெரியுமா அக்கா? டாக்டர் டோராவின் மகள்" என்றாள். எனக்கு அம்மாவையும் தெரியவில்லை, மகளையும் தெரியவில்லை.

அம்மாவைப் பற்றித்தான் முதலில் சொன்னாள். டோரா அகுன்யிலி மருந்தியல் பேராசிரியர். 2001-இல் நைஜீரியாவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான நாஃப்டாக்கின் தலைமைப் பொறுப்புக்கு வந்து, போலி மருந்து வியாபாரிகளை ஓட ஓட விரட்டியவர். அவருடைய தங்கையே 1988-இல் போலி இன்சுலினால் இறந்துபோனவர். 2003-இல் அவர் போன காரைச் சுட்டார்கள். குண்டு தலையை உரசிக்கொண்டு போனது, பிழைத்தார். 2014-இல் புற்றுநோயில் மறைந்தார். "மருந்து டப்பாவில் நாஃப்டாக் எண் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்காமல் என் அம்மா இன்றைக்கும் மாத்திரை வாங்க மாட்டாள்" என்றாள். இவள் பார்மஸி படிக்க வந்ததற்கே அந்த அம்மாள்தான் காரணமாம்.

மகள் என்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பி. 1983-இல் எனுகு நகரில் பிறந்தவர். லாகோஸில் குயின்ஸ் காலேஜ் என்ற விடுதிப் பள்ளியில் படித்தார். 1999-இல், பதினாறு வயதில், அமெரிக்கா போனார். ஸ்வார்த்மோர் கல்லூரியில் உயிரியலும் ஓவியமும் சேர்த்துப் படித்து, பென்சில்வேனியா அகாடமியில் பயிற்சி எடுத்து, 2011-இல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தார். இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறார். 2017-இல் மெக்கார்தர் நிதிநல்கை கிடைத்தது. 2018-இல் லண்டனின் பிரிக்ஸ்டன் ரயில் நிலைய வாசலில் அவருடைய பெரிய சுவர்ப்படம் வந்தது. அன்று ராத்திரி அவருடைய படங்களைக் கணினித் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து, பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூங்கப் போகும்போது மணி இரண்டு.

தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரண வீட்டுக் காட்சிதான். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், மேசைமேல் டீ சாமான்கள் இருக்கும், சுவரில் குடும்பப் படம் தொங்கும். கிட்டே போகப் போகச் சுவர், தரை, துணி எல்லாம் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் புகைப்படங்களாகப் பிரிகின்றன. நைஜீரியப் பத்திரிகைப் பக்கங்கள், பாட்டு ஆல்பங்களின் அட்டைகள், கல்யாணப் படங்கள், அரசியல்வாதிகளின் முகங்கள். எதுவும் வெட்டி ஒட்டியது கிடையாது. எல்லாம் அசிட்டோன் என்ற கரைப்பானால் தாளுக்குள்ளேயே இறக்கியவை. அவற்றோடு அக்ரிலிக், கலர் பென்சில், கரி, பேஸ்டல், சில இடங்களில் துணி. ஆள் உயரத்துக்கும் மேலான தாள்களில் இப்படி வேலை செய்கிறார்.

ஆளே இல்லாத படம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. டீ மேசை மட்டும்தான். தலைப்பு, 'நியூ ஹேவன், எனுகுவில் தேநீர் நேரம்'. யேல் பல்கலைக்கழகம் இருக்கிற அமெரிக்க ஊர் நியூ ஹேவன். எனுகுவிலும் அதே பெயரில் ஒரு பகுதி இருக்கிறது. தலைப்பை வாசித்ததும் எதிர்வீட்டுப் பெண், "எங்கள் சர்ச் அங்கேதான் அக்கா!" என்று கத்தினாள். அமெரிக்காவில் இருக்கிறவர் ஒரு நியூ ஹேவனை நினைப்பார், இவள் இன்னொன்றை நினைக்கிறாள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்திருக்கிறார் ஓவியர்.

சரி, இவளையே இந்த முறையில் வரையலாம் என்று முடிவு செய்தோம். 22க்கு 30 அங்குலத் தாள், ஒரே உருவம்.

முதல் ஞாயிறு நடந்தது இது. வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது. பத்துப் படம் அச்செடுத்தேன். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் பஞ்சை நனைத்துப் பின்பக்கம் தேய்த்தேன். நீலக் கறைதான் வந்தது. இரண்டுமே தப்பு என்று பிறகுதான் புரிந்தது. இங்க்ஜெட் மை தண்ணீர் கலந்த சாயம், தாளின் நாருக்குள் ஊறிவிடும். லேசர் பிரிண்டரிலும் ஜெராக்ஸிலும் வருகிற கறுப்பு அப்படியில்லை. அது டோனர், அதாவது நிறமி கலந்த பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகித் தாளின் மேலேயே ஒட்டியிருக்கும். அசிட்டோன் பட்டதும் அந்தப் பிளாஸ்டிக் இளகும். அந்த நேரத்தில் அழுத்தினால் இந்தத் தாளை விட்டு அந்தத் தாளைப் பிடித்துக்கொள்ளும். முழு வித்தையும் இவ்வளவுதான். நகப்பூச்சு அழிப்பானில் தண்ணீரும் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது உதவாது. கலப்பில்லாத அசிட்டோன் வேண்டும், கெமிக்கல் கடைகளில் கிடைக்கும்.

இன்னொன்று. பத்திரிகைப் பக்கத்தையே கவிழ்த்துப் போட்டுத் தேய்த்தாலும் சரியாக இறங்காது, அச்சு மை வேறு வகை. அதை ஒரு பிரதி எடுத்து, பிரதியைத்தான் பயன்படுத்த வேண்டும். இடம் வலமாக மாறும் என்பதால் எழுத்து இருக்கிற படங்களைக் கடையிலேயே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி எடுக்கச் சொல்லிவிடுங்கள்.

அசிட்டோனைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் மாதிரி சட்டென்று தீப்பிடிக்கும். பூஜை விளக்கு, கொசுவத்தி, காஸ் அடுப்பு எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. நான் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்தேன். அப்படியும் அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து நிற்பேன். கடையில் கிடைக்கிற நீல நைட்ரைல் கையுறை இதற்குத் தாங்காது, கொஞ்ச நேரத்தில் ஊறித் தொளதொளத்துவிடும். பியூட்டைல் ரப்பர் கையுறைதான் சரி. முதல் தடவை ஒரு தெர்மோகோல் கப்பில் ஊற்றினேன். கண்ணெதிரே கப்பின் அடி கரைந்து, கீழே விரித்திருந்த நல்ல தாள் ஒன்று பாழானது. அதற்கப்புறம் எவர்சில்வர் கிண்ணம்தான். அந்தக் கிண்ணத்தின் அடியில் சிவப்பு பெயின்டால் குறி போட்டு, சமையலறைப் பக்கமே போகாதபடி வைத்திருக்கிறேன்.

கரகரப்பான வாட்டர்கலர் தாளில் படம் பொடிப்பொடியாக இறங்கியது. மேடான இடத்தில் மட்டும் டோனர் ஒட்டுகிறது, பள்ளம் வெள்ளையாகவே நிற்கிறது. வழவழப்பாக அழுத்தப்பட்ட, கனமான (300 ஜிஎஸ்எம்) பருத்தித் தாளுக்கு மாறியதும் முகங்கள் முகங்களாகத் தெரிந்தன. பிரிண்டைக் கவிழ்த்து வைத்து ஒரு பக்கம் மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டுவேன். அப்போதுதான் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, வராத இடத்தை மறுபடி தேய்க்க முடியும். பஞ்சை நனைத்துப் பிழிந்து ஒற்றினால் தாள் எண்ணெய் பட்ட மாதிரி கண்ணாடியாகும், உள்ளே இருக்கிற முகம் தெரியும். உடனே கரண்டியின் முதுகால் ஒரே திசையில் அழுத்தித் தேய்க்க வேண்டும். நம் வெயிலில் அரை நிமிடம்தான் அவகாசம், அதற்குள் காய்ந்துவிடும். ஆகவே ஒரே நேரத்தில் மூன்று விரல் அகலம்தான் நனைப்பேன். ஈரம் அதிகமானால் டோனர் ஓடி, கண்ணும் மூக்கும் ஒன்றாகக் குழம்பிவிடும். இதைக் கை பழக இருபது பிரிண்ட் ஆயிற்று.

கை பழகியதும் எல்லாம் முடிந்த மாதிரி நினைத்தேன். உண்மையான வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

சுவருக்கும் அவளுடைய பாவாடைக்கும் நிரப்ப நானே படங்களைத் தேடி எடுத்தேன். லாகோஸின் மஞ்சள் வேன்கள், சந்தையில் கூடை சுமக்கும் பெண்கள், மர முகமூடிகள், பெரிய தலைக்கட்டு கட்டிய ஒரு மூதாட்டி. முப்பது பிரிண்ட் எடுத்து மேசையில் பரப்பி அவளைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள். "அழகாக இருக்கிறது அக்கா. ஆனால் இதில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாதே" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏர்லைன்ஸ் கேலண்டரில் இப்படித்தான் போடுவார்கள்" என்றாள்.

அந்த முப்பதையும் எடுத்து ஓரம் வைத்துவிட்டேன். என்ஜிடேகாவின் படங்களில் நான் தவறவிட்டது எது என்று அப்போதுதான் விளங்கியது. அந்தச் சுவரில் இருப்பது ஆப்பிரிக்கா என்ற பொதுவான ஒரு இடம் கிடையாது. நைஜீரியாவின் இக்போ இனத்தில் ஒரு தலைமுறைப் பெண் எந்தப் பத்திரிகையைப் புரட்டினாள், எந்தப் பாடகரைக் கேட்டாள், யார் கல்யாணத்துக்குப் போனாள் என்பதுதான் அங்கே இருக்கிறது. வெளியாளுக்கு அது வெறும் கூட்டமாகத் தெரியும். அந்த ஊர்க்காரர் கிட்டே வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நைஜீரியாவில் கல்யாணம், இழவு, தேர்தல் எல்லாவற்றுக்கும் ஆளின் முகத்தையே துணியில் அச்சடித்து உடுத்துவார்கள். 2011-இல் டோரா அகுன்யிலி செனட் தேர்தலில் நின்றபோது அவர் முகம் போட்ட துணி அப்படி வந்தது. அம்மாவின் முகம் அச்சிட்ட துணியை மகள் பின்னாளில் படங்களுக்குள் கொண்டுவந்தார். பெற்ற தாயின் முகம் பூப்போட்ட துணி மாதிரி திரும்பத் திரும்ப வருகிறதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அவள் ஊருக்கு போன் போட்டாள். அம்மா இரண்டு நாளில் அறுபத்துமூன்று படம் அனுப்பினார். முதலில் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்ததால் எல்லாம் சுருங்கி, முகங்கள் கட்டம் கட்டமாக இருந்தன. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி மறுபடி வாங்கினோம். அந்த ஆல்பத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்த கிறிஸ்துமஸ் படம். நைஜீரியாவின் கடுனா நகரத் தொழிற்சாலையில் பூட்டிய பெஜோ 504 காரின் பானெட்டில் உட்கார்ந்திருக்கும் மூன்று அண்ணன்கள். பாதி கட்டி நின்றுபோன வீட்டின் முன்னால் சித்தப்பா. மூன்றாம் வகுப்புக் குழுப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற இவள். அப்புறம் தாத்தா, சுரங்கத் தொப்பியோடு.

எனுகு நிலக்கரி ஊர். பட்டப்பெயரே அதுதான். 1949 நவம்பர் 18 அன்று ஐவா பள்ளத்தாக்குச் சுரங்கத்தில் உரிமை கேட்டு நின்ற தொழிலாளர்களைக் காலனிப் போலீஸ் சுட்டு, 21 பேர் இறந்தார்கள். தாத்தா அதற்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர். ஆனால் வீட்டில் அந்தத் தேதியைப் பிறந்தநாள் மாதிரி நினைவு வைத்திருப்பார்களாம்.

நாற்பத்தாறு பிரிண்ட் எடுத்தேன். இருட்டான படங்கள் இறங்கும்போது கறுப்புத் திட்டாகிவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் வெளிறச் செய்து, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் வித்தியாசம் கூட்டி எடுத்தேன். கடைக்காரத் தம்பி பொறுமைசாலி. ஒரே படத்தை நாலு அளவில் எடுத்துக் கொடுத்தார். கடைசியில் தாளில் சேர்ந்தவை முப்பத்தொன்று. எதை எங்கே வைப்பது என்பதை அவளே சொன்னாள். பெஜோ கார் பாவாடையின் ஓரத்தில். பாட்டி, அவள் தோளுக்கு நேர் பின்னால். சித்தப்பாவின் வீடு ஜன்னலுக்குக் கீழே, "அது முடியட்டும் என்று எல்லாரும் காத்திருக்கிறோம், அதனால் வெளிச்சம் படுகிற இடத்தில் வையுங்கள்."

உட்கார்ந்திருக்கும் விதம் இங்கேயுள்ள அறையிலேயே எடுத்தது. பிளாஸ்டிக் நாற்காலி, பழுப்பு அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு, ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்த டிபன் பாக்ஸ். நைஜீரிய அறையை நான் கற்பனையில் கட்டுவது சரியாகப் படவில்லை. அவள் வாழ்கிற அறை இது. அதன் சுவருக்குள் அவள் வீடு தெரியட்டும்.

இனி நிறம்.

முகத்தின் நிழலுக்குக் கரித்துண்டையும் ஐவரி பிளாக் ட்யூபையும் எடுத்து ஒரு சின்னத் தாளில் சோதனை போட்டிருந்தேன். மாலையில் வந்து பார்த்தவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இது நான் இல்லை அக்கா, நிலக்கரி. என் தாத்தா இந்த நிறத்தைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்" என்றாள்.

அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. பதினைந்து வருடமாக வரைகிறேன். இருண்ட தோல் என்றதும் கை கறுப்பு ட்யூபுக்குத்தான் போயிருக்கிறது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் அவள் கையைத் தாள்மேல் நீட்டி வைக்கச் சொல்லி, வெறுமனே பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. முழங்கையின் உள்மடிப்பில் செம்மண் நிறம். முழங்கைக்கு வெளியே சாம்பல் ஓடிய பழுப்பு. விரல் கணுக்களில் மட்டும் ஆழமான இருட்டு, அதிலும் ஒரு ஊதா. ஜன்னல் வெளிச்சம் பட்ட இடம் வெள்ளையாக மின்னவில்லை. வானத்தின் நீலத்தை வாங்கி வெளிர்நீலமாக இருந்தது. உள்ளங்கையும் மேல்தோலும் சந்திக்கிற கோடு, சாயம் தோய்த்த துணியின் ஓரம் போல ஒரே சீராகப் போகவில்லை, ஏறி இறங்கியது. இவ்வளவில் கறுப்பு எங்கேயும் இல்லை.

இருண்ட தோலை எப்படிப் போடுவது என்பதிலேயே ஓவியர்கள் ஆளுக்கொரு வழி எடுத்திருக்கிறார்கள். சிகாகோவில் இருக்கும் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல், தன் மனிதர்களை உண்மையிலேயே கறுப்பாகத்தான் போடுவார். ஆனால் அவருடைய கறுப்பு ஒரே கறுப்பு கிடையாது. ஐவரி, கார்பன், இரும்பு ஆக்சைடு என்று வெவ்வேறு கறுப்புகளை எடுத்து, நீலம், பச்சை, ஊதா கலந்து, கறுப்புக்குள்ளேயே வெயிலும் நிழலும் காட்டுகிறார். 2018-இல் மிஷெல் ஒபாமாவின் படத்தை வரைந்த ஏமி ஷெரல்ட் தோலைச் சாம்பல் நிறத்தில் வைக்கிறார். உடையும் பின்புலமும்தான் பளிச்சென்று இருக்கும். மார்ஷலின் கறுப்பு பல வருட யோசனையில் வந்த முடிவு. நான் எடுத்த கறுப்பு யோசிக்காமல் எடுத்தது. இரண்டும் ஒரே ட்யூபிலிருந்து வந்தாலும் ஒன்றாகிவிடாது.

கறுப்பு ட்யூபை டப்பாவில் போட்டு மூடினேன். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்தால் கிட்டத்தட்ட கறுப்பான ஒன்று வரும். எது தூக்கலோ அதற்கேற்ப சூடாகவோ குளிராகவோ திரும்பும். உள்மடிப்புகளுக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, கணுவுக்கு ஊதா, நெற்றி வெளிச்சத்துக்கு நீலமும் கொஞ்சம் வெள்ளையும். எல்லாமே தண்ணீராக, மெல்லிய பூச்சாக. ஒன்று காய்ந்தபின் அடுத்தது. கையில் மட்டும் பதினோரு பூச்சு இருக்கிறது.

மெல்லிய பூச்சுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கழுத்திலும் வலது கையிலும் தோலுக்கு அடியில் படங்கள் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். ஏற்கெனவே இருண்ட பெயின்டின் மேல் டோனர் இறக்கினால் ஒன்றும் தெரியாது. அதனால் வெறும் தாளில் முதலில் படத்தை இறக்கி, அதன்மேல் கண்ணாடி மாதிரியான பூச்சுகளை ஏற்ற வேண்டும். வெளிச்சமான இடங்களில் முகங்கள் மேலே வரும், நிழலில் மறையும். முன்கையில் தாத்தாவின் படம் அப்படித்தான் இருக்கிறது. தொப்பி தெளிவாக, முகவாய் இருட்டுக்குள்.

இந்த வரிசையை ஒரே ஒரு இடத்தில் மீறினேன், பெரிய சேதம். இடது தோளில் பெயின்ட் அடித்துக் காய்ந்துவிட்டது. அங்கே ஒரு படம் சேர்த்தால் நன்றாக இருக்குமே என்று பிரிண்டை வைத்து அசிட்டோன் ஒற்றினேன். தூக்கிப் பார்த்தால் தோளே பிரிண்டோடு வந்துவிட்டது. அக்ரிலிக்கும் பிளாஸ்டிக்தானே, அசிட்டோனுக்கு டோனர் என்ன, பெயின்ட் என்ன! நாலு அங்குலத்துக்கு வெள்ளையும் பழுப்புமாகக் குழம்பிக் கிடந்தது. அன்றைக்கு அதற்குமேல் தொடவில்லை.

அதைச் சரிசெய்த விதம் இது. குழம்பிய இடத்தை மறுபடி பழுப்பால் மூடி இரண்டு நாள் காயவிட்டேன். அசிட்டோன் இல்லாமல் அக்ரிலிக் ஜெல்லைத் தடவி, ஈரமாக இருக்கும்போதே பிரிண்டைக் கவிழ்த்து ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் நீவி, ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் தாளின் முதுகை ஈரப் பஞ்சால் ஊறவைத்து, விரல் நுனியால் உருட்டி உருட்டித் தாளை மட்டும் எடுத்தேன். டோனர் ஜெல்லிலேயே தங்கிவிட்டது. எவ்வளவு தேய்த்தாலும் தாளின் நார் கொஞ்சம் ஒட்டியிருக்கும், காய்ந்ததும் வெளுப்பாகத் தெரியும். வெள்ளைப் பின்புலத்தில் அது தொந்தரவு. இங்கே இருண்ட தோளின் மேல் அந்த வெளுப்பே படத்தைத் தூக்கிக் காட்டியது. சித்தியின் ஞானஸ்நானப் படம், வெள்ளை கவுன். அந்த இடம் இப்போது எனக்கு மிகப் பிடித்த இடங்களில் ஒன்று.

முகத்தில் படம் எதுவும் சேர்க்கவில்லை. சோதனைத் தாளில் போட்டுப் பார்த்தேன்; கன்னத்தில் ஓடிய டோனர் கோடு கீறல் மாதிரி தெரிந்தது. முகம் முகமாகவே இருக்கட்டும் என்று விட்டேன்.

கடைசியாகத் துணி. அவள் பெட்டியின் அடியிலிருந்து அம்மாவின் பழைய துணி ஒன்றை எடுத்து வந்தாள். கத்தரிப்பூ நிறம், ஜரிகை பார்டர், ஒரு முனை கிழிந்திருந்தது. கல்யாணங்களில் இக்போ பெண்கள் இடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுற்றுத் துணி கட்டுவார்கள். அதற்கு 'ஜார்ஜ்' என்று பெயர் என்றாள். அந்தப் பெயர் நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். மெட்ராஸிலிருந்து கப்பலேறிப் போன துணிவகை. நைஜர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிற கலபாரி மக்கள் நம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை 'இஞ்ஜிரி' என்று அழைத்து, பிறப்புக்கும் சாவுக்கும் அதைத்தான் உடுத்துகிறார்கள். கட்டத்தில் சில நூல்களைச் சவரக் கத்தியால் வெட்டி உருவி, தங்களுக்கென்று புதிய கோலத்தை அந்தத் துணியிலேயே உண்டாக்குவார்கள். அதற்கு 'பெலெடெ பிடெ' என்று பெயர். துணி நம்முடையது, கோலம் அவர்களுடையது. இதையெல்லாம் அவள் எனக்குச் சொல்ல, நான் கோட்டையிலிருந்து பத்து மைலில் உட்கார்ந்து முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிழிந்த முனையிலிருந்து உள்ளங்கை அகலத் துண்டு கொடுத்தாள். வெட்டுவதற்கு முன்னால் வெட்டப்போகிற கோட்டின் இரண்டு பக்கமும் ஜெல் தடவிக் காயவிட்டால் நூல் பிரியாது. பாவாடையின் கீழ் ஓரத்தில் வைத்து ஒட்டினேன். துணி கனம் என்பதால் தாள் வளைந்துகொண்டது. பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, அகராதிகளையும் அரிசி டின்னையும் ஏற்றி மூன்று நாள் விட்டதும் நிமிர்ந்தது. ஜரிகைமேல் பெயின்ட் நிற்கவில்லை, உருண்டு உதிர்ந்தது. அதை அப்படியே மின்ன விட்டேன்.

முடிந்ததும் கிளிப் போட்டு அவள் அறைச் சுவரில் மாட்டினோம். ராத்திரி ஊருக்கு வீடியோ கால். அம்மா முதலில் முகத்தைப் பார்த்து, "இளைத்துப் போய்விட்டாள்" என்றாராம். அதற்கப்புறம் போனைக் கிட்டே கொண்டுபோகச் சொல்லி, சுவரில் இருக்கிற ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல ஆரம்பித்தார். இக்போவில் வேகவேகமாகச் சொல்ல, இவள் எனக்கு ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னாள். பெஜோ கார் வந்ததும் அண்ணனையும் போனுக்குக் கூப்பிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் படத்தில் பள்ளியின் பெயர்ப்பலகை கண்ணாடிப் பிம்பமாக, இடம் வலம் மாறி இருப்பதை அண்ணன்தான் கண்டுபிடித்தார். அந்த ஒன்றை மட்டும் திருப்பி எடுக்க மறந்திருக்கிறேன். ஜன்னலுக்குக் கீழே சித்தப்பாவின் பாதி வீட்டைக் கண்டதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "கிறிஸ்துமஸ் படத்தில் ஓரமாக ஒரு கை மட்டும் தெரிகிறது இல்லையா? அது பெரியம்மாவின் கை. முழுப் படம் அவர்கள் வீட்டில் இருக்கிறதாம். அனுப்பினால் சேர்ப்பீர்களா என்று கேட்கிறாள்."

கதவுக்குப் பக்கத்தில் ஆறு அங்குலம் இன்னும் வெறுமனே இருக்கிறது. பெயின்ட் படாத இடம், அசிட்டோனே போதும். படம் வந்ததும் ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டும்.